டிரெய்னிங்கால் கம்பெனிக்கு எவ்வளவு லாபம்? ஃபீட்பேக் ஃபார்ம் சொல்லாத கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. இரண்டு நாள் டிரெய்னிங் முடிந்து குரூப் போட்டோவும் எடுத்தாகிவிட்டது. கேப் புக் பண்ணலாம் என்று போனை எடுத்தால், திரையில் ஒரு க்யூஆர் கோடு. "ரெண்டே நிமிஷம்தான், ஃபீட்பேக் கொடுத்துட்டுக் கிளம்புங்க" என்கிறார் ஹெச்ஆர். பயிற்சியாளர் எப்படி? ஐந்து. பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? ஐந்து. சாப்பாடு? மூன்று, பிரியாணி ஆறிப்போயிருந்தது. கேள்வியைப் படிக்காமலே விரல் நட்சத்திரங்களைத் தட்டிக்கொண்டு போகிறது.

அந்த நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து 4.6 என்று ஒரு எண் ஆகும். அடுத்த மாதம் அது ஒரு ஸ்லைடில் ஏறி மேலிடத்துக்குப் போகும். பயிற்சி வெற்றி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பட்ஜெட் நெருக்கடி வருகிற வருடத்தில் மட்டும் நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், "சரிங்க, இதனால நமக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பார். கையில் இருக்கும் 4.6-ஐ வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இது நிதிப் பிரிவுக்கும் ஹெச்ஆருக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்து போலத் தெரியலாம். ஆனால், அந்தப் பயிற்சியில் உட்காருகிற உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. லாபம் வந்தால் அது யார் பாக்கெட்டுக்குப் போகிறது? வரவில்லை என்றால் முதலில் எதை வெட்டுவார்கள்? நீங்கள் வேலையை விடும்போது 'டிரெய்னிங் செலவு' என்று எவ்வளவு கேட்பார்கள்? மூன்றுக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மெஷின் சொத்து, டிரெய்னிங் செலவு

ஒரு நிறுவனம் பத்து லட்சம் ரூபாய்க்கு மெஷின் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் அது சொத்து. தேய்மானம் என்று பல வருடங்களுக்குப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். அதே பத்து லட்சத்தை அந்த மெஷினை ஓட்டுபவர்களின் பயிற்சிக்குச் செலவு செய்தால், முழுத் தொகையும் அந்த ஆண்டின் செலவுக் கணக்கில் விழுந்துவிடும். இந்தியக் கணக்கியல் தரநிலை 38 அப்படித்தான் சொல்கிறது. காரணமும் நியாயமானதுதான்: மெஷின் எழுந்து போகாது, பயிற்சி பெற்றவர் நாளைக்கே பேப்பர் போட்டுவிட்டுப் போகலாம். அவருடைய திறமை மீது நிறுவனத்துக்குப் போதுமான பிடி கிடையாது.

ஆக, புத்தகத்தில் பயிற்சி எப்போதும் பணம் கசிகிற இடமாகவே தெரியும். அதனால்தான் கஷ்டகாலத்தில் கத்தரி அங்கேதான் முதலில் போகிறது.

சரி, வெளியே சொல்கிற அறிக்கைகளில்? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்பது செபியின் விதி. எத்தனை ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, எத்தனை பேருக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி என்று எண்ணிக்கையும் சதவீதமும் அதில் இருக்கும். தலை எண்ணுவது சுலபம், அதனால் எண்ணுகிறார்கள். பயிற்சிக்குப் பிறகு என்ன மாறியது என்று அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நிறுவனத்துக்குள் இந்த வேலையைப் பார்க்கும் துறைக்குப் பெயர் எல் அண்ட் டி. பாலம் கட்டுகிற எல் அண்ட் டி இல்லை, இது லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட். பாலம் கட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கட்டி முடித்ததும் அதன் மேல் லாரி ஓட்டிக் காட்டிவிடலாம்.

நான்கு படிகள், இரண்டாவதிலேயே இளைப்பு

பயிற்சியை எப்படி அளப்பது என்பதற்கு உலகம் முழுக்க இன்றும் புழக்கத்தில் இருக்கும் மாதிரி 1959-ல் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக், பயிற்சியாளர் சங்கத்தின் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகள் அதற்கு அடிப்படை. அவர் கேட்கச் சொன்னது நான்கு கேள்விகள். வந்தவர்களுக்குப் பயிற்சி பிடித்ததா? எதையாவது கற்றுக்கொண்டார்களா? கற்றதை வேலையில் செய்கிறார்களா? அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைவு? பின்னாளில் ஜாக் ஃபிலிப்ஸ் என்பவர் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார். வந்த விளைவை ரூபாயாக மாற்றி, செலவோடு ஒப்பிடு என்றார். ஆர்ஓஐ, அதாவது போட்ட பணத்துக்கு வந்த ஆதாயம்.

வெள்ளிக்கிழமை க்யூஆர் கோடு முதல் படி. டிரெய்னிங் முடிவில் வைக்கும் பத்து கேள்வி குவிஸ் இரண்டாவது படி. பெரும்பாலான அலுவலகங்கள் இங்கேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன. மூன்றாவது படிக்கு, பயிற்சி முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அவரவர் இருக்கைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்?

பிடித்திருந்தால் கற்றிருப்பார்கள், கற்றிருந்தால் செய்வார்கள், செய்தால் லாபம் வரும் என்று ஒரு படி தானாக அடுத்த படிக்குக் கொண்டுபோகும் என்ற நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஜோக் அடித்துக் கலகலப்பாக நடத்துபவருக்கு ஐந்து நட்சத்திரம் விழும். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி வியர்க்க வைப்பவருக்கு மூன்றுதான் விழும். திங்கட்கிழமை யார் சொல்லிக்கொடுத்தது கையில் நிற்கும் என்பது வேறு கதை.

140%, 31%, கடைசியில் நஷ்டம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான், ஆனால் கணக்கின் போக்கு நிஜமானது.

கஸ்டமர் சப்போர்ட் டீமில் 40 பேர். ஒரே பிரச்சினைக்காக மறுபடி மறுபடி வரும் அழைப்புகள் மாதத்துக்கு 6,000. அதைக் குறைக்க இரண்டு நாள் பயிற்சி. பயிற்சியாளருக்கு ரூ.1.5 லட்சம், ஹால் வாடகையும் சாப்பாடும் ரூ.50,000. ஆக ஹெச்ஆரிடம் இருக்கும் பில் ரூ.2 லட்சம்.

பயிற்சிக்குப் பிறகு அழைப்புகள் 5,000 ஆகின்றன. ஓர் அழைப்பைக் கையாள ரூ.40 செலவு என்றால் மாதம் ரூ.40,000 மிச்சம், ஆண்டுக்கு ரூ.4.8 லட்சம். இரண்டு லட்சம் போட்டு 4.8 லட்சம். அதாவது 140% ஆதாயம்! ஸ்லைடில் பச்சைக் கலரில் போடலாம்.

பொறுங்கள். அந்த இரண்டு நாளும் 40 பேருக்குச் சம்பளம் ஓடியது இல்லையா? மாதம் ரூ.35,000, 22 வேலை நாள் என்று வைத்தால், இரண்டு நாளுக்கு 40 பேருக்கும் சேர்த்து சுமார் ரூ.1.27 லட்சம். அவர்கள் சீட்டில் இல்லாதபோது சமாளித்தவர்களுக்கு ஓவர்டைம் ரூ.40,000. உண்மையான செலவு ரூ.3.67 லட்சம். ஆதாயம் 31% ஆக இறங்கிவிட்டது.

இன்னும் முடியவில்லை. அதே மாதத்தில் கம்பெனியின் ஆப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. பயிற்சிக்கே போகாத இன்னொரு ஷிப்டிலும் அழைப்புகள் 6,000-லிருந்து 5,700 ஆகியிருக்கின்றன. அப்படியானால் குறைந்த ஆயிரத்தில் முந்நூறு எப்படியும் குறைந்திருக்கும். பயிற்சியால் வந்தது எழுநூறுதான். ஆண்டுக்கு ரூ.3.36 லட்சம். செலவோ 3.67 லட்சம். சுமார் எட்டு சதவீதம் நஷ்டம்.

அதே பயிற்சி, அதே ஆட்கள், அதே அழைப்புகள். பயிற்சி தராத ஷிப்டின் எண்ணை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்பதில்தான் லாபம் நஷ்டமாக மாறியது. பயிற்சி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டுப் போடும் எந்த ஆர்ஓஐ கணக்கையும் நான் நம்பமாட்டேன்.

(ஆயிரம் அழைப்பு குறைந்ததற்காக யாருடைய சம்பளமும் குறையவில்லையே, அப்புறம் எப்படி நாற்பது ரூபாய் 'மிச்சம்' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. நிதிப் பிரிவு கட்டாயம் கேட்கும். காத்திருக்கும் நேரம் குறைந்தது, வாடிக்கையாளர் கோபம் குறைந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது பணமாக வங்கிக்கு வந்ததா என்பது தனி விசாரணை.)

யார் போகிறார்கள் என்பதே பாதிக் கதை

ஒப்பிட ஒரு குழு இருந்தால் மட்டும் போதாது, அது சரியான குழுவாகவும் இருக்க வேண்டும். பயிற்சிக்கு ஆர்வமாகப் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக வேலை செய்பவர்கள். அவர்களைப் போகாதவர்களோடு ஒப்பிட்டால் பயிற்சி பிரமாதமாகத் தெரியும்.

இந்தப் பொறி எவ்வளவு ஆழமானது என்று காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அது பயிற்சி பற்றியதல்ல, ஊழியர் நலத் திட்டம் பற்றியது: உடல் பரிசோதனை, உடற்பயிற்சி, சிகரெட்டை விடும் வகுப்பு இப்படி. சுமார் 4,800 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தைத் தந்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: மருத்துவச் செலவிலும் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் அதே தரவை வைத்து, திட்டத்தில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் பழைய பாணியில் ஒப்பிட்டபோது திட்டம் பெரிய பலன் தந்ததுபோலத் தெரிந்தது. ஆரோக்கியமானவர்கள்தான் அதிகம் வந்து சேர்ந்திருந்தார்கள். அவ்வளவுதான்.

தலைகீழாகவும் நடக்கும். சில மேனேஜர்கள் கடந்த மாதம் மோசமாகச் செய்த நாலு பேரைப் பிடித்துப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் கொஞ்சம் தேறித்தான் இருக்கும், பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதைத்தான் கண்டார். மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், அதனால் திட்டுதான் வேலை செய்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். உண்மையில் அது ஏற்ற இறக்கம் சராசரிக்குத் திரும்புவது மட்டுமே. நம்ம ஊர் மேனேஜர்கள் பலருக்கு இந்தச் செய்தி பிடிக்காது.

பெங்களூரு தையல் கூடத்தில் போட்ட குலுக்கல்

இதையெல்லாம் தாண்டி ஒரு பயிற்சியின் மதிப்பை ஒழுங்காக அளந்து காட்டிய உதாரணம் வெகு தூரத்தில் இல்லை. ஆடை ஏற்றுமதி செய்யும் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து பெங்களூரு தொழிற்சாலைகளில் நடந்தது. ஆய்வு செய்தவர்கள் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியாஷதம் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள்.

பயிற்சியின் பெயர் பேஸ். கேப் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் தையல் தொழிலாளப் பெண்களுக்காக உருவாக்கியது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், தையல் சொல்லித்தரும் பயிற்சியே இல்லை இது. சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது, நேரத்தை எப்படித் திட்டமிடுவது, பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, வீட்டுப் பணத்தை எப்படிக் கையாள்வது, இந்த மாதிரி. ஏறக்குறைய 80 மணி நேரம், ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் பரப்பி நடத்தப்பட்டது. 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று சொன்னாலே நிதிப் பிரிவு கொட்டாவி விடும் சமாச்சாரம்.

சேர விரும்பிய பெண்கள் இடத்தைவிட அதிகமாக இருந்தார்கள். யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. இதுதான் முக்கியம். கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே அளவு ஆர்வம் உள்ளவர்கள். இலினாயில் பார்த்த பொறி இங்கே இல்லை. சில தையல் வரிசைகளை முதலில் தேர்ந்து, அந்த வரிசைகளுக்குள் யார் என்று இன்னொரு குலுக்கல். அதனால் பயிற்சிக்கே போகாமல் பக்கத்து மெஷினில் இருந்த தோழிக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்றும் பார்க்க முடிந்தது.

இன்னொரு வசதி, தையல் கூடத்துக்கே உரியது. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு காலரைத் தைக்க எத்தனை நிமிடம் ஆக வேண்டும் என்று கணக்கு உண்டு, நாளைக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று எழுதிவைப்பதும் உண்டு. இரண்டையும் வைத்து ஒவ்வொருவரின் எஃபிஷியன்ஸி சதவீதம் வந்துவிடும். யாரிடமும் "நீங்க முன்னேறிட்டீங்களா?" என்று கேட்கத் தேவையில்லை. பயிற்சிக்காகப் புதிதாக எதையும் அளக்கவில்லை, ஏற்கெனவே தினமும் அளந்துகொண்டிருந்ததையே பயன்படுத்தினார்கள்.

2018-ல் வெளியான ஆய்வுத்தாளின்படி, பயிற்சி முடிந்த பிறகு அதைப் பெற்ற பெண்களின் உற்பத்தித்திறன் பெறாதவர்களைவிட 20 சதவீதம் அதிகம். சிக்கலான தையல் வேலைகள் அவர்களிடம் வர ஆரம்பித்தன. கூடவே வேலை செய்த, பயிற்சிக்குப் போகாத பெண்களின் வேலையும் மேம்பட்டது. பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர ஆதாயம் 258 சதவீதம். ஆய்வு 2023-ல் முன்னணிப் பொருளாதார இதழ் ஒன்றில் இறுதி வடிவில் வெளியானபோது எண்கள் ஓரளவு மாறின. ஆதாயம் மிகப் பெரியது என்ற முடிவு மாறவில்லை.

தையல் சொல்லித்தராமல் தையல் எப்படிக் கூடியது? ஒரு வரிசையில் முப்பது நாற்பது பேர் அடுத்தடுத்து வேலை செய்யும்போது, ஓர் இடத்தில் சிக்கினால் பின்னால் துணி குவியும். "அண்ணா, இந்த நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, மெஷினைப் பாருங்க" என்று உடனே சொல்கிறவருக்கும், திட்டு விழுமோ என்று அரை மணி நேரம் தானே போராடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பீஸ் கணக்கில் தெரியும். பேசக் கற்றுக்கொடுத்தது இப்படித்தான் பணமாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பயிற்சி பெற்ற பெண்களிடம் பேசிப் பழகும் இயல்பு கூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அரை சதவீதம்

இவ்வளவு நல்ல செய்திக்கு நடுவில் ஒரு வரி இருக்கிறது. பயிற்சி பெற்ற பெண்களின் சம்பளம் எவ்வளவு கூடியது? 0.5 சதவீதம்.

உற்பத்தி 20, சம்பளம் அரை. பொருளாதாரப் பாடப்புத்தகம் சொல்வது வேறு மாதிரி. நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் 1960-களில் வைத்த வாதம் இது: எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத் திறனைக் கற்றுக்கொடுத்தால் ஊழியரின் சந்தை மதிப்பு கூடும், சம்பளத்தைக் கூட்டாவிட்டால் அடுத்த கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடும், ஆகவே இப்படிப்பட்ட பயிற்சிக்கு முதலாளி காசு போடமாட்டார். பெங்களூரில் அப்படி நடக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டுப் போகவுமில்லை. அவர்களுடைய புதுத் திறமை அடுத்த தெரு தொழிற்சாலைக்குத் தெரியாது. நன்றாகப் பேசுவேன் என்பதற்குச் சான்றிதழா காட்ட முடியும்?

ஆக, அந்த 258 சதவீதத்தில் ஒரு பகுதி, சம்பளம் கூடாததால் வந்தது. பயிற்சியின் மதிப்பைப் பற்றிப் பேசும் நிறுவன ஸ்லைடுகள் எதிலும் இந்த வரி பெரிய எழுத்தில் வராது. அப்ரைசல் அறையில் உட்காரும் நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் அளந்தால் நிறுவனத்தின் பக்கம்தான் அளக்கும்.

இதே விஷயத்தின் இன்னொரு முகம் டிரெய்னிங் பாண்ட். பயிற்சியால் எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியாத நிறுவனம்கூட, பாண்டில் மட்டும் ரூபாய் சுத்தமாக எழுதிவிடுகிறது: இரண்டு வருடத்துக்குள் போனால் இவ்வளவு லட்சம். ஒப்பந்தம் மீறப்பட்டால், எழுதிய தொகைக்கு மிகாமல் 'நியாயமான இழப்பீடு' என்பதே இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்வது. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் ரூ.2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது உண்மை. ஆனால் அங்கே பேசப்பட்டது பொதுத்துறை வங்கி மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவும் சிரமமும். இரண்டு நாள் வகுப்பும் ஆறிய பிரியாணியும் நியாயமான இரண்டு லட்சமா என்பது வேறு வழக்கு.

சின்ன அலுவலகத்தில் என்ன செய்யலாம்?

பொருளாதார அறிஞர்களை அழைத்து வர எல்லா இடத்திலும் முடியாது. தேவையும் இல்லை. எண்பது பேருக்குப் பயிற்சி என்றால் எப்படியும் எல்லோரையும் ஒரே நாளில் சீட்டிலிருந்து எழுப்ப முடியாது, இரண்டு பேட்சாகத்தான் போவார்கள். யார் முதல் பேட்ச் என்பதை மேனேஜர் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இரண்டாவது பேட்சை மூன்று மாதம் கழித்து வையுங்கள். நடுவில் இருக்கும் மூன்று மாதம் இலவசமாகக் கிடைத்த ஒப்பீடு. யாருக்கும் பயிற்சி மறுக்கப்படவில்லை, ஒரு ரூபாய் கூடுதல் செலவும் இல்லை. எந்த எண் அசைய வேண்டும் என்பதை மட்டும் பயிற்சிக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு தேடினால், இருபது எண்களில் ஒன்று எப்படியும் மேலே போயிருக்கும்.

நாற்பது பேருக்குக் கீழே இருந்தால் எண்கள் ரொம்பவே ஆடும், சதவீதத்தை நம்ப முடியாது. அங்கே ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்ன வழி நல்லது: கற்றதை மிக நன்றாகப் பயன்படுத்திய இரண்டு மூன்று பேர், சுத்தமாகப் பயன்படுத்தாத இரண்டு மூன்று பேர் என்று கண்டுபிடித்து, உட்கார்ந்து விவரமாகப் பேசுவது. பயன்படுத்தாதவர்கள் சொல்லும் காரணம் பல நேரம் வகுப்பைப் பற்றியதாக இருக்காது. "எக்செல்ல டேஷ்போர்டு போடக் கத்துக்கிட்டேன், ஆனா எங்க மேனேஜர் இன்னும் பிரிண்ட் அவுட்தான் கேக்குறாரு." இதற்கு இன்னொரு பயிற்சி தீர்வாகாது. வேண்டுமானால் மேனேஜருக்கு வைக்கலாம்.

மேனேஜர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மும்பைப் பக்கத்து நெசவு ஆலைகள் சாட்சி. நிகோலஸ் புளூம் குழுவினர் அங்கே ஆலோசகர்களை வைத்து நிர்வாக முறைகளைக் கற்றுக்கொடுத்துச் செய்த சோதனையில், முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. பல வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கற்ற முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. முக்கியக் காரணங்களில் ஒன்று, ஆலை மேலாளர்கள் மாறிப்போனது. ஆனாலும் மீதிப் பாதி நின்றிருந்தது, கற்றுக்கொள்ளாத ஆலைகளைவிட அவை முன்னால்தான் இருந்தன. ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டுமே தெரிந்திருக்காது.

சில நேரம் நல்ல பலன் தருவது பயிற்சி பட்ஜெட்டிலேயே இருக்காது. அமெரிக்காவில் ஒரு விற்பனை நிறுவனத்தில், ஊழியர்களை இரண்டிரண்டு பேராகக் குலுக்கல் முறையில் சேர்த்து, விற்பனையில் எங்கே சிக்குகிறது, நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டு எழுதிக்கொள்ள வைத்தார்கள். வெளியிலிருந்து பயிற்சியாளர் இல்லை. சராசரி விற்பனை 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, சோதனை முடிந்து 20 வாரம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. டீக்கடையில் நடக்கிற பேச்சுதான், ஒரு தாளும் கேள்வியும் வைத்து நடத்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ரூபாய் போட வேண்டுமா?

வேண்டாம். தீயணைப்புப் பயிற்சிக்கு ஆர்ஓஐ கேட்பவரிடம் கொடுக்கக் கணக்கு கிடையாது. நடக்காத தீ விபத்தின் விலையை எப்படிப் போடுவது? மாடியிலிருந்து எல்லோரும் இறங்க எத்தனை நிமிடம் ஆனது, போன முறையைவிடக் குறைந்ததா என்று பார்த்தால் போதும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, அதாவது போஷ் பயிற்சி, 2013 சட்டப்படி நிறுவனம் செய்தே ஆக வேண்டிய வேலை. இதில் எண்களே தலைகீழாகப் பேசும். பயிற்சிக்குப் பிறகு புகார்கள் இரண்டிலிருந்து ஏழானால், மேலிடம் பதறும். ஆனால் இதுவரை வாய்மூடி இருந்தவர்கள் இப்போது யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்து பேச ஆரம்பித்திருக்கலாம். தொழிற்சாலையில் 'நல்லவேளை தப்பிச்சோம்' வகைச் சம்பவங்களைப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்தாலும் இதே கதைதான், முதல் சில மாதம் பதிவுகள் ஏறும். இங்கே 'புகார் பூஜ்யம்' என்று பெருமையாகக் காட்டும் நிறுவனத்தைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

நிறுவனம் அளக்கட்டும், அளக்காமல் போகட்டும். உங்கள் வேலையின் எண் ஒன்றை நீங்களே பயிற்சிக்கு முன் குறித்து வையுங்கள்: ஒரு ரிப்போர்ட் முடிக்க எத்தனை மணி நேரம், கோடில் எத்தனை பக் திரும்பி வருகிறது, ஒரு கிளையண்டை முடிக்க எத்தனை கால். மூன்று மாதம் கழித்து மறுபடி குறியுங்கள். டீமிலேயே எல்லோருக்கும் அந்த எண் மாறியதா, உங்களுக்கு மட்டுமா என்றும் பாருங்கள். பெங்களூரு தையல் கூடத்தில் அந்த எண் கம்பெனியின் ரெஜிஸ்டரில் இருந்தது. பெரும்பாலான அலுவலக வேலைகளில் அது எங்கேயும் இருக்காது, நீங்கள் எழுதினால்தான் உண்டு.

அப்ரைசலில் "இந்த வருஷம் நாலு டிரெய்னிங் அட்டெண்ட் பண்ணேன்" என்பதற்கு மேனேஜர் தலையாட்டுவார். "மாசக் கடைசி ரிப்போர்ட் ஆறு மணி நேரம் எடுத்துச்சு, இப்ப ரெண்டரை" என்று சொன்னால் அடுத்த கேள்வி அவரிடமிருந்து வரும். வரவில்லையென்றால் இன்கிரிமென்ட் பற்றிய கேள்வியை நீங்கள் கேட்கலாம்.